விதி யாருக்கு, பொறுப்பு யாருக்கு?

2016 மார்ச் 31 அன்று கொல்கத்தாவில் கட்டுமானத்தில் இருந்த மேம்பாலம் இடிந்து விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதைக் கட்டிய நிறுவனத்தின் அதிகாரி அது கடவுளின் செயல் என்றார். 2020 ஆகஸ்ட் 27 அன்று சரக்கு மற்றும் சேவை வரிக் கவுன்சிலின் கூட்டம் முடிந்தபின், மாநிலங்களுக்குரிய இழப்பீட்டைப் பற்றிப் பேசிய ஒன்றிய நிதியமைச்சர், பொருளாதாரத்தின் நெருக்கடிக்குக் கடவுளின் செயலைக் காரணம் காட்டினார். 2022 அக்டோபர் 30 அன்று குஜராத்தின் மோர்பியில் தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டனர். கைதான மேலாளர் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று, நடந்தது கடவுளின் விருப்பம் என்றார். மூன்று நிகழ்வுகள், மூன்று வாய்கள். சாட்சிக்கு அழைக்கப்பட்ட கடவுள் மட்டும் ஒருவரே.

ஆனால் 2020 மே 8 விடியலில் ஔரங்காபாத் அருகே தண்டவாளத்தில் களைத்து உறங்கிய பதினாறு புலம்பெயர் தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அரைபட்டு மாண்டபோது, எந்தக் கடவுளும் துணைக்கு வரவில்லை. தண்டவாளத்தில் படுத்து உறங்குகிறவர்களை யார் தடுக்க முடியும் என்று ஒரு வாரம் கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றமே கேட்டது. அங்கே விதி பேசப்படவில்லை. அவர்களுடைய தேர்வுதான் பேசப்பட்டது. வலியவனுக்கு விதி, எளியவனுக்குப் பொறுப்பு என்பதே ஆளும் வர்க்க அறவியலின் எழுதப்படாத முதல் விதி.

இந்தப் பங்கீட்டுக்குப் பழைய துணை ஒன்று தேடப்படுகிறது. மனிதன் விதியின் கைப்பாவை என்பதற்கு உலக இலக்கியத்தின் தலையாய சான்றாக, கல்லூரிப் பாடக்குறிப்பு முதல் மேடைப்பேச்சு வரை, சோபக்கிளிசின் ‘மன்னன் ஈடிபஸ்’ நாடகம் எடுத்துக்காட்டப்படுகிறது. தந்தையைக் கொன்று தாயை மணப்பான் என்று தெய்வவாக்கு இருந்தது, அவன் என்ன முயன்றும் அது நடந்தது, ஆகவே யாரும் பொறுப்பாளி அல்லர் என்பது அந்த வாசிப்பு. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்சில் மேடையேறிய அந்த நாடகம் இதற்கு நேர் எதிரானதைக் காட்டுகிறது.

விசாரணையின் நாடகம்

திரை விலகும்போது கொலையும் திருமணமும் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தெய்வவாக்கு பலித்துவிட்டது. விதிதான் நாடகத்தின் பொருள் என்றால், நாடகம் தொடங்குமுன்பே முடிந்துபோயிருக்க வேண்டும். மேடையில் நிகழ்வதோ முழுக்க முழுக்க ஒரு விசாரணை.

தீப்ஸ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடுகிறது. பயிர் கருகுகிறது, கால்நடை மடிகிறது, கருவிலேயே குழந்தை சாகிறது. மக்கள் அரண்மனைப் படிக்கட்டில் வந்து அமர்கிறார்கள். மன்னன் ஈடிபஸ் அவர்களைக் காவலரைக் கொண்டு விரட்டவில்லை. தானே வெளியே வந்து பேசுகிறான். மைத்துனன் கிரியோனை டெல்ஃபிக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறான். முந்தைய மன்னன் லாயசைக் கொன்றவன் இந்நகரிலேயே இருக்கிறான், அவனை வெளியேற்றினால்தான் நோய் தீரும் என்ற செய்தியோடு கிரியோன் திரும்புகிறான். அப்போதே ஏன் விசாரிக்கவில்லை என்று ஈடிபஸ் கேட்கிறான். ஸ்பிங்ஸ் என்னும் பேரிடர் வாசலில் நின்றதால் அந்தக் கொலை மறக்கப்பட்டது என்று பதில் வருகிறது. அவசரநிலையைக் காட்டி விசாரணையைக் கிடப்பில் போடுவது அன்றும் அரசுகளின் வழக்கமாகவே இருந்திருக்கிறது.

விசாரணை தொடங்குகிறது. கொலையாளி தன் வீட்டிலேயே தனக்குத் தெரிந்து இருந்தாலும் அவனுக்குரிய சாபம் தன் மேலும் விழட்டும் என்று மன்னன் அறிவிக்கிறான். அந்த அறிவிப்பை டெல்ஃபி கேட்கவில்லை. அது அவனுடைய தேர்வு.

பின்னோக்கிப் பார்த்தால், விதி என்று சொல்லப்படும் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதக் கை இருக்கிறது. பிறந்த மூன்றாம் நாளில் குழந்தையின் கணுக்காலைத் துளைத்துக் கட்டி, மலையில் எறியச் சொன்னது அரண்மனை. கொன்றுவிடு என்ற ஆணையை மீறி, இரக்கப்பட்டு அதை அயல்நாட்டு மேய்ப்பனிடம் கொடுத்தவன் ஓர் அடிமை. தந்தையைக் கொல்வாய் என்று கேட்ட அதே பயணத்தில், முச்சந்தி ஒன்றில் தன்னை வழியை விட்டுத் தள்ளிய வண்டியையும், தன் தலையில் அடித்த முதியவரையும் எதிர்கொண்டு, கோபத்தில் அந்தக் கூட்டத்தையே வெட்டிச் சாய்த்தவன் ஈடிபஸ். தந்தை வயதுடைய ஒருவர்மீது கை ஓங்குமுன் ஒரு கணம் நின்றிருக்க வேறு எவரைவிடவும் அவனுக்குத்தான் காரணம் இருந்தது. வழிவிடாதவனை வெட்டு என்று எந்தத் தெய்வவாக்கும் அவனுக்குச் சொல்லவில்லை.

தப்பிக்கும் வாயில்கள் மூன்று

பொறுப்பிலிருந்து நழுவ அதிகாரத்துக்கு மூன்று வாயில்கள் உண்டு: சதி, தற்செயல், விதி. மூன்றையும் சோபக்கிளிஸ் ஈடிபசின் முன் திறந்து வைக்கிறார்.

முதல் வாயிலில் அவன் நுழையவே செய்கிறான். தேடும் கொலைகாரன் நீதான் என்று பார்வையற்ற குறிசொல்லி டைரீசியஸ் சொன்னதும், கிரியோனோடு சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்க இவன் சதி செய்கிறான், பணத்துக்கு விலைபோய்விட்டான் என்று சீறுகிறான். விசாரணையின்றியே கிரியோனுக்கு மரண தண்டனை என்கிறான். உண்மையைச் சொன்னவனைத் துரோகி ஆக்கும் இந்தக் காட்சிக்கு இன்றைய இந்தியாவில் விளக்கவுரை வேண்டியதில்லை.

இரண்டாம் வாயிலை ஜொகாஸ்டா திறக்கிறாள். எல்லாம் தற்செயல்தான், அந்தந்த நாளை அப்படியே வாழ்ந்துவிட்டுப் போவதே நல்லது என்கிறாள். உண்மை அவளுக்கு முதலில் விளங்கிவிடுகிறது. விசாரணையை இத்தோடு நிறுத்திவிடும்படி கெஞ்சுகிறாள். அவன் நிறுத்தவில்லை. கேட்கக் கூடாததைக் கேட்கப்போகிறோம் என்று தெரிந்தும், கேட்டே ஆக வேண்டும் என்கிறான். நாடகத்தின் உச்சம் அதுதான். கொலை அறியாமல் செய்தது. மணம் அறியாமல் நடந்தது. இந்த விசாரணையை மட்டும் அவன் அறிந்தே இறுதிவரை நடத்துகிறான்.

மூன்றாம் வாயில் கடைசியில் வருகிறது. கண்களைத் தானே குத்திக்கொண்டு குருதி வழிய வந்து நிற்பவனிடம், எந்தத் தெய்வம் உன்னை இதற்குத் தூண்டியது என்று கோரஸ் கேட்கிறது. இந்தத் துன்பங்களைக் கொண்டுவந்தது அப்போலோ, ஆனால் கண்ணைக் குத்திய கை தன்னுடையது, வேறு எவருடையதும் அன்று என்பது அவனுடைய பதிலின் பொருள். தெய்வத்தின் பங்கை அவன் மறுக்கவில்லை. தன் பங்கை அதற்குள் கரைத்துவிடவும் இல்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் அந்நியமானதன்று. ஊழ்வினையைத் தன் மூன்று உண்மைகளுள் ஒன்றாகப் பதிகத்திலேயே அறிவிக்கும் காப்பியம் சிலப்பதிகாரம். ஆயினும் உடைந்த சிலம்பின் முன் நின்ற பாண்டியன் ஊழைச் சாட்சிக்கு அழைக்கவில்லை. பொற்கொல்லனின் சொல்லைக் கேட்ட குற்றத்தையும் தன் தலையிலேயே ஏற்றுக்கொண்டு வீழ்ந்தான்.

உண்மை யாரிடம் இருந்தது?

கிரேக்கத் துன்பியலை அதன் சமூக வேரோடு வாசிப்பது இடதுசாரிகளுக்குப் புதிதன்று. மார்க்ஸ் ஆண்டுதோறும் ஈஸ்கிலசை மூல கிரேக்கத்திலேயே படித்தார் என்று அவருடைய மருமகன் லஃபார்க் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் கம்யூனிஸ்டும் கிரேக்கப் பேராசிரியருமான ஜார்ஜ் தாம்சன் 1941இல் ‘ஈஸ்கிலசும் ஏதென்சும்’ நூலை வெளியிட்டார். பர்மிங்ஹாமில் அவரிடம் ஆய்வு செய்தவர்தான் க. கைலாசபதி.

அந்த மரபில் நின்று கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தீப்ஸ் நகரில் உண்மையை அறிந்தவர்கள் யார்? அரசவைக்குத் தெரியாது. கோரசாக நிற்கும் நகரத்துப் பெரியோருக்குத் தெரியாது. குறிசொல்லியைத் தவிர அது இரண்டு மேய்ப்பர்களிடம்தான் இருக்கிறது. ஒருவன் கொரிந்திலிருந்து வந்த தூதன். மற்றவன் லாயசின் வீட்டிலேயே வளர்ந்த அடிமை. முச்சந்திக் கொலையில் உயிர்தப்பியவனும் இந்த இரண்டாமவனே. பல கொள்ளையர் தாக்கினர் என்று சொல்லியிருந்தான். திரும்பி வந்து அரியணையில் இருப்பது யாரென்று கண்டதும், நகரமே கண்ணில் படாத தொலைவுக்குத் தன்னை மேய்ச்சலுக்கு அனுப்பும்படி அரசியின் கையைப் பற்றிக் கெஞ்சிப் போய்விட்டான். அந்த மௌனத்துக்கு விதி காரணமன்று, அச்சமே காரணம். கொலைகாரன் அரசனாக இருக்கும் ஊரில் சாட்சி ஊரை விட்டுப் போய்விடுகிறான்.

அவனைப் பேசவைக்க ஈடிபஸ் கையாளும் வழியும் கவனிக்கத்தக்கது. கையை முறுக்கிப் பின்னால் கட்டச் சொல்கிறான். மரணத்தைக் காட்டி மிரட்டுகிறான். அடிமையின் வாக்குமூலத்தைச் சித்திரவதையின் வழியே பெறுவது ஏதென்சின் நீதிமுறையிலும் இருந்தது. உண்மைக்காகத் தன்னையே பலியிடத் துணிந்த மன்னனின் நீதியும் அடிமையின் முறுக்கிய கையின் வழியாகத்தான் செல்கிறது. இந்த எல்லையை மறந்து ஈடிபசைக் கொண்டாடுவது இடதுசாரி வாசிப்பு ஆகாது.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு

அறியாமல் செய்ததற்கு ஒருவன் எப்படிப் பொறுப்பாவான் என்ற கேள்வி நியாயமானது. அதை ஏதென்ஸ் மக்களும் அறிந்திருந்தனர். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் டிராக்கோ சட்டமே திட்டமிட்ட கொலையையும் எண்ணாமல் நேர்ந்த கொலையையும் பிரித்துப் பார்த்தது. இரண்டுக்கும் தனித்தனி நீதிமன்றங்கள் இருந்தன. அரங்கில் அமர்ந்து நாடகம் பார்த்த குடிமக்களுள் பலர் வேறு நாட்களில் நடுவர்களாக அமர்ந்து தீர்ப்பளித்தவர்கள்.

சோபக்கிளிஸ் தன் முதுமையில் எழுதி, அவர் இறந்தபின் கி.மு. 401இல் மேடையேறிய ‘கொலோனசில் ஈடிபஸ்’ நாடகத்தில், முதிய ஈடிபஸ் தன் வழக்கைத் தானே வாதாடுகிறான். தாக்கப்பட்டதால் தாக்கினேன், தந்தை என்று அறியேன், சட்டத்தின் முன் நான் தூயவன் என்பது அவன் வாதம். அது சரியான வாதம். முதல் நாடகத்துக்கும் இதற்கும் முரண் இல்லை. குற்றவாளியா என்பது ஒரு கேள்வி. அந்தச் செயலால் விளைந்ததற்கு முன்வந்து நிற்பது யார் என்பது மற்றொரு கேள்வி. முதல் கேள்விக்கு அறியாமை பதிலாகலாம். நகரம் நோயில் சாகும்போது இரண்டாம் கேள்விக்கு அது பதிலாகாது.

இந்த வேறுபாட்டை அழிப்பதில்தான் ஆளும் வர்க்கத்தின் தந்திரம் இருக்கிறது. எண்ணம் இல்லை, ஆகவே குற்றம் இல்லை. குற்றம் இல்லை, ஆகவே பொறுப்பும் இல்லை என்று ஒரே தாவலில் கடந்துவிடுகிறார்கள்.

வாசலில் நின்றுவிடும் விசாரணைகள்

1943 வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மாண்டனர். அதை விசாரித்த ஆணையம் 1945இல் அறிக்கை தந்தது. அரிசிப் பற்றாக்குறை பேசப்பட்டது, மாகாண அரசின் தவறுகள் பேசப்பட்டன. லண்டன் போர்க்கால அமைச்சரவையின் வாசலுக்கு விசாரணை போகவே இல்லை. பற்றாக்குறையைவிட, உணவை வாங்கும் ஆற்றலை ஏழைகள் இழந்ததே காரணம் என்பதை அமர்த்தியா சென் 1981இல் விரிவாக நிறுவினார். அந்தப் பஞ்சத்தை ‘நபான்ன’ நாடகமாக 1944இல் இந்திய மக்கள் நாடக மன்றம் மேடையேற்றியபோது, பிஜன் பட்டாச்சார்யாவோடு இணைந்து அதை இயக்கியவர் சோம்பு மித்ரா. இருபது ஆண்டுகளுக்குப் பின் 1964இல், தன் பகுரூபி குழுவின் மேடையில் அவரே ‘ராஜா ஈடிபஸ்’ நாடகத்தை வங்க மொழியில் கொண்டுவந்தார். பசியில் ஊர் செத்ததை மேடையேற்றியவரின் கைக்குத்தான், நோயில் ஊர் சாகும்போது தன் வாசல்வரை விசாரித்த மன்னனின் கதையும் வந்து சேர்ந்தது.

1984 டிசம்பர் 2 நள்ளிரவைக் கடந்து போபாலில் நச்சுவாயு வெளியேறியது. குளிரூட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது. வாயுவை எரித்தழிக்கும் கோபுரம் இயங்கவில்லை. செலவைக் குறைக்கும் முடிவுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கையெழுத்து இருந்தது. யூனியன் கார்பைடு நிறுவனமோ, மனக்கசப்புற்ற தொழிலாளி ஒருவர் வேண்டுமென்றே தொட்டியில் நீரைச் செலுத்தினார் என்ற கதையைப் பரப்பியது. அதன் தலைவர் ஆண்டர்சன் கைதான அன்றே பிணையில் வெளிவந்து நாட்டைவிட்டுச் சென்றார். 2014இல் இறக்கும்வரை இந்திய நீதிமன்றத்தின் முன் வந்து நிற்கவில்லை. 1989இல் 47 கோடி டாலரோடு கணக்கு தீர்க்கப்பட்டது. 2010இல் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, அன்றே பிணையும் கிடைத்தது. தீப்சின் விசாரணை அடிமையிடம் தொடங்கி அரியணையில் முடிந்தது. போபாலின் விசாரணையை அரியணையிலிருந்து திருப்பித் தொழிலாளியிடம் முடிக்கப் பார்த்தார்கள்.

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்து, நான்கே மணி நேரத்தில் நாடு பூட்டப்பட்டது. ஊர் திரும்பும் வழியில் மாண்ட புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு இல்லை என்றது அரசு. 2021 ஜூலையில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றது. ஈடிபசுக்கு உண்மை தெரியாது, தெரிந்துகொள்ளப் புறப்பட்டான். இந்த ஆட்சியாளர்கள் தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கே ஏற்பாடு செய்கிறார்கள். இவர்களுடைய அறியாமை முழுக்க முழுக்கத் தேர்ந்தெடுத்த அறியாமை.

இடதுசாரிகளின் டெல்ஃபி

இத்தோடு நிறுத்திக்கொண்டால், இந்த நாடகம் பிறரைச் சாடும் கருவி மட்டுமே ஆகும். விசாரணை தன் வாசலுக்கும் வர வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

தனிமனிதப் பொறுப்பைப் பேசுவதே முதலாளித்துவ அறப்போதனை என்று கருதும் போக்கு இயக்கத்துக்குள் உண்டு. அதற்கு மதிக்கத்தக்க காரணமும் உண்டு. கடன்பட்டு மாண்ட விவசாயியிடம் குடிப்பழக்கத்தைத் தேடும் சமூகத்தில், தனிமனிதத் தேர்வு என்ற சொல்லையே ஐயத்தோடு பார்ப்பது இயல்பு. துன்பியல் நாடகம் துன்பத்தைத் தவிர்க்க இயலாததாகக் காட்டிப் பார்வையாளரைச் செயலிழக்கச் செய்கிறது என்று பிரெக்ட் எச்சரித்தார். 1948இல் அவர் ‘ஆன்டிகனி’யை மறு ஆக்கம் செய்தபோது, கிரியோனின் போரை ஆர்கோசின் கனிமத்துக்கான போராக்கினார். விதி நின்ற இடத்தில் ஆதாயம் வந்து நின்றது.

ஆனால் பிரெக்ட் விதியை அகற்றியது மனிதனின் தேர்வை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதற்காக. விதியின் நாற்காலியில் ‘புறநிலை’யை உட்கார வைப்பதற்காக அன்று. தேர்தல் தோல்விக்குப் பின் வரும் அறிக்கையில் புறநிலைச் சூழல் சாதகமாக இல்லை என்ற ஒரு வரி. சங்க உறுப்பினர் எண்ணிக்கை சரிந்ததற்குத் தாராளமயம். இளைஞர் வராததற்கு நுகர்வுப் பண்பாடு. கிளைக் கூட்டம் ஆறு மாதமாகக் கூடாததற்கும் ஒரு சர்வதேசக் காரணம். இவை ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். டெல்ஃபியின் வாக்கும் உண்மைதான். கேள்வி அதுவன்று. முச்சந்தியில் ஓங்கிய கை யாருடையது என்பதுதான் கேள்வி.

‘லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்’ நூலின் தொடக்கத்தில் மார்க்ஸ் சொல்வதன் பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் பலர். தாம் தேர்ந்தெடுத்த சூழலில் மனிதர்கள் வரலாற்றைப் படைப்பதில்லை என்பது பின்பாதி. அதைப் படைப்பவர்கள் அவர்கள்தாம் என்பது முன்பாதி. முன்பாதியை உதிர்த்துவிட்டால் எஞ்சுவது மார்க்சியம் அன்று, கிரகபலன். ஒரு கட்சி தன் தவறுகளை எப்படி அணுகுகிறது என்பதே அதன் நேர்மைக்கான உரைகல் என்று 1920இல் லெனின் எழுதியபோது, தவறை ஒப்புக்கொள்வதோடு அதன் காரணத்தைக் கண்டறிவதையும் திருத்தும் வழியை ஆராய்வதையும் சேர்த்தே வலியுறுத்தினார்.

கண் திறந்திருக்கட்டும்

இங்கேதான் ஈடிபசிடமிருந்து பிரிய வேண்டிய இடமும் வருகிறது. உண்மை வெளிப்பட்டதும் அவன் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான், நாடுகடத்தும்படி வேண்டுகிறான். மாபெரும் நேர்மை அது. ஆனால் தீப்சுக்கு அதனால் கிடைத்தது என்ன? அரியணைக்குக் கிரியோன் வருகிறான். முறுக்கிய கையோடு அந்த மேய்ப்பன் மீண்டும் மந்தைக்குத்தான் போக வேண்டும். குழந்தையை மலையில் எறியச் சொல்லும் அதிகாரம் அரண்மனையில் அப்படியே இருக்கிறது. ஒருவன் தன்னைத் தண்டித்துக்கொண்டான், ஒழுங்கு மாறவில்லை.

கண்ணைக் குத்திக்கொள்வது சுயவிமர்சனம் அன்று. கூட்டத்தில் எழுந்து எல்லாம் என் தவறு என்று கலங்கிப் பொறுப்பிலிருந்து விலகுவதும், விலகியபின் மௌனமாவதும் அறம் போலத் தோன்றலாம். அடுத்த முச்சந்தியில் அதே தவறு நிகழாதிருக்க அது உதவாது. எந்த முடிவு, யார் எடுத்தது, எந்தத் தகவலின் பேரில், எச்சரித்தவர் யார், அவரைச் சதிகாரர் என்று சொன்னவர் யார் என்று அவை குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். அதற்குக் கண் வேண்டும். தீப்சின் மேய்ப்பனைப் போல அறிந்தும் அஞ்சித் தொலைவில் ஒதுங்கியிருக்கும் உறுப்பினர், கை முறுக்கப்படாமலே வந்து பேசக்கூடிய கூட்டமாக கிளைக் கூட்டம் இருக்க வேண்டும்.

கடவுளின் செயல் என்று சொல்லும் ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்கும் உரிமை, தன் கணக்கைத் தானே எடுத்து வைப்பவர்களுக்கே வலுவாக இருக்கும். பேரவைக்கு வரும் அறிக்கைகளில் ‘புறநிலை’ என்ற பத்தியை அடுத்து, ‘எடுத்த முடிவுகள்’ என்று ஒரு பத்தி இருக்கட்டும். முதல் பத்தி எவ்வளவு நீளமோ, இரண்டாவதும் அவ்வளவு நீளம் இருக்கட்டும்.